நீச்சல் குளத்தில் ஜெயித்தவர் கடலில் ஜெயிப்பாரா? கடலில் பழகியவர் குளத்தில் ஜெயிப்பாரா?



நம் வகுப்பில் ஒரு நண்பன் இருக்கிறான். கடற்கரை ஊர்க்காரன். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே நீந்தவும் கற்றுக்கொண்டவன். வெளியூரில் நடந்த ஒரு நீச்சல் போட்டிக்கு அவன் போனான். 100 மீட்டரில் கடைசியாக வந்தான். திரும்பி வந்த அன்று, "கடல்ல பொறந்தவன் தொட்டித் தண்ணியில தோத்துட்டான்டா" என்று சொல்லிச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

அவன் கோபப்படவில்லை. "அங்க ஜெயிச்சவனை நம்ம கடலுக்குக் கூட்டிட்டு வாங்க, பாப்போம்" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் வகுப்பே இரண்டு கட்சி ஆகிவிட்டது. சத்தம் கேட்டு வந்த பி.டி. சார், "ரெண்டு கட்சியும் சொல்றது பாதி சரி. மீதிப் பாதியைப் படிச்சுட்டு வந்து சுவர்ல எழுதுங்கடா" என்றார். அதனால் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

பனியிலும் இதே கேள்வி

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்தது அல்ல. பனியையே பார்க்காத நமக்குக் கொஞ்சம் தூரமான விஷயம்தான், ஆனாலும் கேளுங்கள். குளிர்கால ஒலிம்பிக்கில் உள்ள பனிச்சறுக்கு வகைகளில் இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்று ஆல்பைன். மலைச்சரிவில் நட்டு வைத்த கொடிக் கம்புகளைச் சுற்றி வளைந்து கீழே இறங்க வேண்டும். யார் குறைந்த நேரத்தில் இறங்குகிறாரோ அவர் ஜெயித்தார். மற்றது ஃப்ரீஸ்டைல். இதில் மேடு மேடான பாதையில் குதித்து இறங்குவது, ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுவது என்று பல பிரிவுகள். பெரும்பாலான பிரிவுகளில் நடுவர்கள்தான் மதிப்பெண் போடுவார்கள்.

ஆல்பைன் வீரர் ஃப்ரீஸ்டைலுக்குப் போனால் ஜெயிப்பாரா? அமெரிக்காவின் டேரன் ரால்வ்ஸ் போய்ப் பார்த்தார். 2001-ல் ஆல்பைனில் உலக சாம்பியன் ஆனவர். பிறகு 'ஸ்கீ கிராஸ்' என்ற ஃப்ரீஸ்டைல் பிரிவுக்கு மாறினார். 2008-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டியில் தங்கம் வாங்கினார். ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அவர் எந்தப் பிரிவுக்குப் போனார் என்பதுதான். ஸ்கீ கிராஸ் என்பது நான்கு பேர் ஒன்றாகப் புறப்பட்டு, மேடு பள்ளம் தாண்டி, முதலில் யார் வருகிறார் என்று பார்க்கும் பந்தயம். அங்கே ஆல்பைன் வீரரின் வேகமும் கால் பலமும் கூடவே வரும். பக்கத்தில் இடிக்கிற மாதிரி வருகிறவனைச் சமாளிப்பதும், மேட்டில் பறந்து இறங்குவதும் மட்டும் புதிதாகப் படிக்க வேண்டிய பாடம். குட்டிக்கரணப் பிரிவுக்குப் போயிருந்தால் பாடம் முழுவதையும் அ, ஆ-விலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, "ஜெயிப்பாரா?" என்று கேட்பதற்கு முன்னால் "எது கூட வரும், எது வராது?" என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இனி இதே முறையில் நம் கடலுக்கு வருவோம்.

குளத்தில் உண்டு, கடலில் இல்லை

1. சுவர்: ஒலிம்பிக் குளத்தின் நீளம் 50 மீட்டர். 1500 மீட்டர் பந்தயத்தில் 30 நீளம் நீந்த வேண்டும். அதாவது 29 தடவை சுவரில் திரும்பி, காலால் உதைத்துக் கிளம்பலாம். ஒவ்வொரு உதையும் கைக்கு ஒரு சின்ன ஓய்வு, வேகமும் கூடும். தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனை சுமார் 30 கிலோமீட்டர். குளத்துக் கணக்கில் 600 நீளம். அங்கே உதைக்க ஒரு சுவரும் கிடையாது. படகைத் தொட்டாலும் நீச்சல் செல்லாது.

2. கறுப்புக் கோடு: குளத்தின் தரையில் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால் நேராகப் போகலாம். கடலில் கோடு ஏது? சில கை வீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, கூட வரும் படகையோ கரையையோ பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் பாம்பு போன தடம் மாதிரி வளைந்து வளைந்து போய், 30 கிலோமீட்டர் 35 ஆகிவிடும்.

3. அசையாத தண்ணீர்: குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் ஓடும். அதிலும் நம்ம பக்கம் இரண்டு கடல். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் அமைதியாக இருப்பதைப் பெண் கடல் என்றும், மறுபக்கம் அலையடிப்பதை ஆண் கடல் என்றும் நம் பெரியவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு கடலின் தண்ணீரும் மணல் திட்டுகளுக்கு நடுவே உள்ள வழிகளில் புகுந்து வேகமாக ஓடும்.

4. நல்ல தண்ணீர்: குளத்தில் வாய்க்குள் தண்ணீர் போனால் துப்பிவிடலாம். உப்புத் தண்ணீரில் பத்து மணி நேரம் கிடந்தால் நாக்கும் உதடும் வீங்கிவிடும். குமட்டல் வரும். சொறி பட்டால் உடம்பெல்லாம் எரியும். பல பேர் இருட்டிலேயே நீந்தத் தொடங்குகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நீந்துவதற்குத் தனி மனசு வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

"அப்போ குளத்து வேகத்துக்குக் கடலில் மதிப்பே இல்லையா?" என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்ததும் மாற்றிக்கொண்டேன். பித்தாகரஸ் தேற்றம் தெரிந்தால் நீங்களும் போடலாம்.

தூரம் 30 கிலோமீட்டர். குறுக்கே மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டம் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கரைக்குப் போக வேண்டும் என்றால் நீரோட்டம் வரும் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நீந்த வேண்டும். அப்போது நம் வேகம் கர்ணம். நீரோட்டம் ஒரு பக்கம். கரையை நோக்கிப் போகும் வேகம் மற்றொரு பக்கம்.

முதல் ஆள் மணிக்கு 3 கி.மீ. நீந்துகிறார். 9-லிருந்து 1 போனால் 8. அதன் வர்க்கமூலம் 2.83. நீரோட்டம் இல்லாவிட்டால் 10 மணி நேரம் ஆகும்; இப்போது சுமார் 10 மணி 36 நிமிடம். நஷ்டம் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

இரண்டாம் ஆள் மணிக்கு 2 கி.மீ. நீந்துகிறார். 4-லிருந்து 1 போனால் 3. அதன் வர்க்கமூலம் 1.73. நீரோட்டம் இல்லாவிட்டால் 15 மணி நேரம். இப்போது சுமார் 17 மணி 20 நிமிடம். நஷ்டம் 2 மணி 20 நிமிடம்!

பார்த்தீர்களா? ஒரே கடல், ஒரே நீரோட்டம். மெதுவாக நீந்துகிறவரைத்தான் அதிகமாகத் தண்டிக்கிறது. எதிர் நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. ஆகிவிட்டால் இரண்டாம் ஆள் எவ்வளவு கை வீசினாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். ஆகவே குளத்தில் சேர்த்த வேகம் கடலில் வீண் போகாது. ஆனால் எந்தப் பக்கம் சாய வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பதைக் குளம் சொல்லித் தராது. அதைச் சொல்லப் படகுக்காரர் வேண்டும்.

நம்ம கடலைத் தாண்டியவர்கள்

பாக் நீரிணையை நீந்திக் கடந்தவர்களில் இரண்டு வகையினரும் இருக்கிறார்கள்.

கடற்கரையில் பிறந்தவர்கள்: இலங்கையில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி வந்தார். வல்வெட்டித்துறைக்காரரான ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல் அதே பக்கம் போய், திரும்பியும் நீந்தினார். போகவும் வரவும் சேர்த்து 51 மணி நேரம்! இப்படிப்பட்டவரே 1984-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்தும்போது உயிரிழந்தார். ஒரு கடலை வென்றவருக்கும் இன்னொரு கடல் புதுக் கடல்தான். குளிர்ந்த கடல் வேறு; நம் வெதுவெதுப்பான கடல் வேறு.

வெளியிலிருந்து வந்தவர்கள்: வங்காளத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரம் அது. அதற்கு முன் 1958-ல் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் இந்தியரும் இவர்தான். அதுவும் பலமுறை முயன்று தோற்ற பிறகு!

சென்னையில் பயிற்சி பெற்ற குற்றாலீஸ்வரன் 1994 ஏப்ரலில், 12 வயதில், பாக் நீரிணையைச் சுமார் 16 மணி நேரத்தில் கடந்தார். அதே ஒரு வருஷத்தில் மொத்தம் 6 நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென் ஒரே ஆண்டில் 5 கடந்த சாதனையை முறியடித்தார். அர்ஜுனா விருதும் பெற்றார்.

நம் கேள்விக்கு நேரான பதில் புலா சௌத்ரி. குளத்துப் போட்டிகளில் தேசிய சாம்பியன். 1991 தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 6 தங்கம் வாங்கியவர். அவரே 2004-ல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 14 மணி நேரத்தில் நீந்தி வந்தார். ஆனால் குளத்திலிருந்து நேராக இங்கே வந்து குதிக்கவில்லை. 1989-லேயே இங்கிலீஷ் கால்வாயைக் கடந்திருந்தார். கடலைப் படிக்க அவர் எடுத்துக்கொண்டது பல வருஷம்.

2019-ல் கடலே இல்லாத தேனி மாவட்டத்திலிருந்து ஒரு 10 வயதுச் சிறுவன் வந்து, 10 மணி 30 நிமிடத்தில் அரிச்சல்முனையில் ஏறினான். 2022 மார்ச்சில் மும்பையிலிருந்து வந்த 13 வயது ஜியா ராய், ஆட்டிசம் உள்ள மாணவி, 13 மணி 10 நிமிடத்தில் கடந்தார்.

இந்தத் தேதிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மிஹிர் சென் ஏப்ரல், குற்றாலீஸ்வரன் ஏப்ரல், தேனிச் சிறுவன் மார்ச், ஜியா ராய் மார்ச். வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் காற்று இன்னும் எழும்பாத இடைவேளை அது. எந்த மாதம் கடல் வழிவிடும் என்பது நம் மீனவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்டு வந்தவர்கள்தான் கரையேறினார்கள்.

உலகப் போட்டிகள் சொல்வது என்ன?

ஒலிம்பிக்கில் 2008 முதல் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல் இருக்கிறது. துனிசியாவின் ஊசாமா மெல்லூலி 2008-ல் குளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். 2012 லண்டனில் 10 கிலோமீட்டரிலும் தங்கம் வாங்கினார். இரண்டிலும் தங்கம் வாங்க முடியும் என்று காட்டிவிட்டார். ஆனால் லண்டனில் போட்டி நடந்தது ஹைட் பார்க் ஏரியில். ஓட்டம் இல்லாத தண்ணீர். அது ஒரு பெரிய குளம் மாதிரிதான்.

2024 பாரிஸில் நடந்தது வேறு. அயர்லாந்தின் டேனியல் விஃபன் குளத்தில் 800 மீட்டர் தங்கமும் 1500 மீட்டர் வெண்கலமும் வாங்கிவிட்டு 10 கிலோமீட்டருக்கும் இறங்கினார். அது ஓடுகிற சேன் நதியில் நடந்தது. 18-வது இடம்தான் கிடைத்தது. உலகத்திலேயே வேகமான கைகள் அவருடையவை. ஆனால் அந்த நதி அவருக்குப் பழகாத நதி.

இந்தியாவிலும் உதாரணம் உண்டு. ஆரத்தி சாஹா 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளத்தில் நீந்தியவர். 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கினார். நீரோட்டம் எதிர்த்ததால் முடியவில்லை. ஊருக்குத் திரும்பிவிடவில்லை. அடுத்த மாதமே மறுபடி இறங்கிக் கடந்தார். இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான்.

இனி நம் நண்பன் கதை: கடலிலிருந்து குளத்துக்கு

நண்பன் ஏன் தோற்றான்? அவனிடமே உட்கார்ந்து கேட்டேன். பி.டி. சாரிடமும் கேட்டேன். காரணங்கள் இவை.

ஒன்று, தலை. கடலில் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நீந்திப் பழகியவன், குளத்திலும் தலையைத் தூக்கியே நீந்தினான். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். தண்ணீரை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஆகிவிடும். கடலில் அவனைக் காப்பாற்றுகிற பழக்கமே குளத்தில் அவனைப் பிடித்து இழுத்தது.

இரண்டு, உப்பு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம். கடல் தண்ணீர் சுமார் 1025 கிராம். 50 கிலோ எடையுள்ள ஆள் மிதக்க, நல்ல தண்ணீரில் 50 லிட்டரை விலக்க வேண்டும். கடலில் 48.8 லிட்டர் போதும். பிறந்ததிலிருந்து கடல் தூக்கிப் பிடித்த உடம்பு, குளத்தில் கொஞ்சம் கீழே இறங்கியது. "தண்ணி என்னைத் தாங்கலடா" என்று அவன் சொன்னது சாக்கு இல்லை, ஆர்க்கிமிடிஸ் தத்துவம்!

மூன்று, சுவர். மற்றவர்கள் தண்ணீருக்குள்ளேயே குட்டிக்கரணம் போட்டு, சுவரை உதைத்துத் திரும்பினார்கள். இவன் கையால் தொட்டு, நின்று, மூச்சு வாங்கித் திரும்பினான். தொடக்கத்தில் மேடையிலிருந்து பாய்வதும் அப்படியே. வள்ளத்திலிருந்து குதிப்பது வேறு. அம்பு மாதிரி பாய்வது வேறு.

இதில் எதுவும் பலம் இல்லாததால் வந்த தோல்வி அல்ல. மூன்றுமே சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும் விஷயம். சொல்லிக்கொடுக்க ஆளும் குளமும் இல்லை என்பதுதான் உண்மை. பாம்பன் பக்கம் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கிப் பாசி எடுக்கும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களை 50 மீட்டர் போட்டியில் விட்டால் பதக்கம் வராது. அதனால் அவர்களுக்கு நீச்சல் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

உங்களுக்குத் தெரியுமா?

* குளத்துப் போட்டியில் 'ஃப்ரீஸ்டைல்' என்றால் எந்த முறையிலும் நீந்தலாம் என்று அர்த்தம். வேகமானது என்பதால் எல்லோரும் ஒரே முறையில் நீந்துகிறார்கள்!
* ஃப்ரீஸ்டைலில் பாய்ந்த பிறகும் திரும்பிய பிறகும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும்.
* மார்பு நீச்சலிலும் வண்ணத்துப்பூச்சி நீச்சலிலும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் போட்டியிலிருந்து நீக்கம்.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு யாரும் கடலில் குதித்துவிடாதீர்கள். மேலே சொன்ன எல்லோரும் அனுமதி வாங்கி, படகும் பயிற்சியாளரும் கூடவர நீந்தியவர்கள். அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது என்று எச்சரிக்கை வைத்திருப்பது சும்மா அல்ல. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்து நேராகக் கரைக்கு நீந்தக் கூடாது. கை ஓய்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகிய பிறகு கரைக்கு வர வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். குளத்தில் மெடல் வாங்கியவருக்கும் இது பொருந்தும். கடலில் பிறந்தவருக்கும் பொருந்தும்.

முடிவுரை

குளத்து வீரர் கடலில் ஜெயிப்பாரா? ஜெயிப்பார், கடலைப் புதிதாகப் படித்தால். கடல் வீரர் குளத்தில் ஜெயிப்பாரா? ஜெயிப்பார், சுவரைப் புதிதாகப் படித்தால். மூச்சும் கைப்பலமும் மனத்திடமும் எங்கே போனாலும் கூட வரும். பழகிய இடம் மட்டும் கூட வராது. புது இடத்தில் ஒன்றாம் வகுப்பில் உட்காரத் தயங்காதவர்தான், ஆரத்தி சாஹா மாதிரி, இரண்டாம் முறை கரையேறுகிறார்.

நண்பன் அடுத்த வருஷமும் போட்டிக்குப் போகிறான். தலையைத் தண்ணீருக்குள் வைத்து நீந்துவதை இப்போதே பழகத் தொடங்கிவிட்டான். திரும்புவதைப் பழகக் குளம் வேண்டும். விடுமுறையில் வெளியூர்க் குளத்துக்கு நாலு நாளாவது கூட்டிப் போவதாக பி.டி. சார் சொல்லியிருக்கிறார். கூடவே நானும் போகிறேன். எனக்கு இன்னும் ஒழுங்காக மிதக்கவே வராது. சிரித்தவன் நான், சொல்லித் தரப் போகிறவன் அவன்.



— 11-ஆம் வகுப்பு மாணவன்